‘வந்து’ இருபத்து மூன்று முறை

என் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த கால் பக்கம். ‘வந்து 23, ஆ 11, அதாவது 9, பாத்தீங்கன்னா 4’ என்று நீல மையில் எழுதி, கீழே கோடிழுத்து 47 என்று கூட்டியும் வைத்திருக்கிறார்கள். குன்னூரில் நாங்கள் கூடும் பேச்சு மன்றத்தில் நான் முதன்முதலாகத் தயார் செய்துகொண்டு போய்ப் பேசிய அன்று கையில் கொடுத்தது. அன்று மொத்தமே இரண்டு நிமிடம் நாற்பது விநாடிதான் பேசினேன். கிட்டத்தட்ட மூன்றரை விநாடிக்கு ஒரு இடறல். கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் அதையும் வகுத்துப் பார்த்துவிட்டேன்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு பார்க்கிறேன். சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூள் ஆக்கும் தொழிற்சாலை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம், இலை கொடுக்கும் விவசாயிகளைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. மழை நாளில் எங்கள் இலையில் இத்தனை கிலோ கழிக்கிறீர்களே, அது என்ன கணக்கு?

அந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். நனைந்த இலையில் தண்ணீரும் சேர்ந்து எடை நிற்கும், அந்தத் தண்ணீர் தூளாகாது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மேனேஜர் மைக்கை என் கையில் கொடுத்தார். எழுபது எண்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். “அது வந்து...” என்றேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மறுபடியும் “அது வந்து...” முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மெதுவாகத்தான் கேட்டார்: “கணக்கு சரியா இருந்தா, இந்தக் குளிர்ல உங்களுக்கு ஏன் தம்பி இப்படி வேர்க்குது?”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மைக்கை வாங்கிக்கொண்டார். பேசத் தெரியாதவன் என்று நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. திருட்டுக் கணக்கு எழுதுகிறவன் என்று நினைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள், எடை போட வருகிறவர்கள் என் தோளுக்கு மேலே எட்டி முள்ளைப் பார்த்தார்கள்.

இந்த வாய்க்கட்டு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்தது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அப்பா அம்மா இரண்டு பேருக்குமே அட்டன் பக்கம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்கு வந்து, எங்களைப் போன்றவர்களுக்காக அரசு ஆரம்பித்த டான்டீ தோட்டத்தில் சேர்ந்தவர்கள். நான் இங்கேதான் பிறந்தேன். ஆனாலும் வீட்டில் பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சு. ஆறாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவரையாக எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். “பாண்” என்றேன். வகுப்பே சிரித்தது. பிரெட்டுக்கு எங்கள் வீட்டில் பாண் என்றுதான் பெயர். இங்கே வேறு பெயர் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. பள்ளி முடிகிறவரை என் பெயர் பாண். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால், சொல்ல வந்ததை முதலில் மனசுக்குள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்வேன். மாற்றி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘வந்து’.

கூட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டு, எங்கள் தொழிற்சாலைக்கு வந்துபோகும் ஆடிட்டர் ஒருவர்தான் இந்த மன்றத்தைச் சொன்னார். மாதம் இரண்டு சனிக்கிழமை, குன்னூரில் ஒரு சின்ன ஹால். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரி என்றார். டோஸ்ட் என்றதும் எனக்கு அந்தப் பாண்தான் ஞாபகம் வந்தது. விருந்தில் அடுத்து யார் பேசுவது என்று அழைத்து நடத்துகிறவருக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயராம். அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர், அங்கே வந்துபோகும் ஆட்களுக்கு நாலு பேர் முன்னால் பேச வரவில்லை என்று பார்த்து, 1924 அக்டோபர் 22இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா ஊரில் ஆரம்பித்த மன்றம் இன்று உலகம் பூராவும் இருக்கிறது. எங்களுடையது அந்த அமைப்பில் பதிவானதில்லை. அவர்கள் நடத்தும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழில் நடத்துகிறோம். டோஸ்ட் கிடையாது. டீயும் வர்க்கியும் உண்டு.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று பேர் தயார் செய்துவந்து பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் அப்புறம் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லுவார். நடுவில் டேபிள் டாபிக்ஸ்: பெயரைக் கூப்பிட்டு ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள், யோசிக்க நேரமில்லாமல் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் மொழியைக் கவனிப்பார். ஒருவர் ‘ஆ’ எண்ணுவார், பேச்சில் வரும் இடறல்களுக்குக் கோடு போட்டுக் கணக்கு வைப்பது. எங்கள் நேரக்காரர் வெலிங்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார். கையில் மூன்று அட்டை. முதல் பேச்சுக்கு நாலு நிமிடத்தில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. சிவப்புக்கு மேல் அரை நிமிடம்தான் சலுகை. கலெக்டரே வந்து பேசினாலும் அவர் அட்டையைத் தூக்குவார் என்று நம்புகிறோம்.

என் முதல் பேச்சு, அந்த 47 இடறல் பேச்சு, நான் யார் என்று அறிமுகப்படுத்திக்கொள்வது. அதை மூன்று பக்கம் எழுதி, ‘பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அவையோர்களே’ என்று ஆரம்பித்து, வரி வரியாக மனப்பாடம் செய்து கொண்டுபோனேன். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது ஐந்தரை நிமிடம் வந்தது. மேடையில் ஏழாவது வரியில் ஒரு வார்த்தை விட்டுப்போனது. மனப்பாடத்தில் இருக்கும் கோளாறே அதுதான். கோத்த மாலையில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் எல்லா முத்தும் தரையில். மிச்சம் இருந்த இரண்டரை பக்கமும் அந்த இடத்திலேயே போய்விட்டது. சுபேதார் பச்சை அட்டையைக்கூடத் தூக்கவில்லை. தூக்க நான் நேரம் கொடுக்கவில்லை.

அன்று என்னை மதிப்பிட்டவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. நன்றாகப் பேசினீர்கள் என்று பொய் சொல்லவில்லை, அதற்கே அவருக்கு நன்றி. மூன்று விஷயம் சொன்னார். “வந்ததிலிருந்து போகிறவரை வாசல் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க தம்பி. கதவுக்கு நீங்க யாருன்னு தெரிஞ்சிருக்கும், எங்களுக்குத் தெரியலை.” அது ஒன்று. இரண்டாவது, கை. இந்த ஊர்க் குளிருக்கு எல்லோருமே கையை ஜெர்கின் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்போம், நானும் அப்படியே நின்று பேசியிருக்கிறேன். அடுத்த முறை ஜெர்கினைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வாருங்கள், கைக்கு ஒளிய இடம் இருக்கக் கூடாது என்றார். மூன்றாவது: “டீ குடிக்கும்போது எங்கிட்ட உங்க அம்மாவைப் பற்றிச் சொன்னீங்களே, அது நல்லா இருந்தது. அதை ஏன் மேடைக்குக் கொண்டுவரலை?”

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பஸ்ஸில் கட்டபெட்டு தாண்டுகிறவரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். டீ குடிக்கும்போது நான் வீட்டுப் பேச்சில் பேசியிருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

அடுத்த முறை அதே பேச்சைத் திரும்பப் பேச அனுமதி கேட்டேன். இந்தத் தடவை எழுதவில்லை. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். நடுவில் சொல்ல வேண்டிய மூன்று சம்பவங்களை, எடைச் சீட்டின் பின்பக்கம் ஒரு சம்பவத்துக்கு ஒரு வார்த்தை வீதம் எழுதிக்கொண்டேன்: கப்பல், பாண், முள். முதல் வாக்கியம், “என் பெயர் பாண்.” கொஞ்சம் நிறுத்தினேன். சிரித்தார்கள். ஆறாம் வகுப்பில் கேட்ட அதே சிரிப்புதான், சத்தத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த முறை அது எப்போது வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கால் நடுங்கியது, உள்ளங்கை ஈரம், எல்லாம் பழையபடிதான். ஒரு நிமிடம் போனதும் அதைக் கவனிக்க நேரமில்லை. பச்சை வந்தது, மஞ்சள் வந்தது. அன்றைய சீட்டில் 14.

இன்றுவரை அந்த நடுக்கம் போகவில்லை. பயம் போனபிறகு பேசலாம் என்று காத்திருக்கும் ஆட்களிடம் இதைத்தான் சொல்லுவேன். எனக்கு முதல் ஒரு நிமிடம் இப்போதும் நெஞ்சு படபடக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்வது. மூளை வேலை செய்யாவிட்டாலும் வாய் அதைச் சொல்லிவிடும், அதற்குள் மூளையும் வந்து சேர்ந்துவிடும்.

எனக்கு அதிகம் பயன்பட்டது பேசியதுகூட இல்லை, ‘ஆ’ எண்ணியது. புதிதாக வருகிறவர்கள் இந்த வேலையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், குறை கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று. விடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். ஒரு கூட்டம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்தால், மற்றவர்களும் எவ்வளவு இடறுகிறார்கள் என்று தெரியும். அதுவே பாதி ஆறுதல். அப்புறம், தமிழில் நாம் ‘ஆ’ சொல்லி இடறுவது குறைவு. நம்முடைய இடறல் எல்லாம் வார்த்தை வேஷத்தில் வரும்: வந்து, அதாவது, என்னன்னா, பாத்தீங்கன்னா, இல்லையா, சொல்லப்போனா. அர்த்தம் உள்ள வார்த்தைகள் என்பதால் காதில் உறுத்தாது. ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. எங்கள் ஆடிட்டருக்கு ‘ஆக்சுவலி’. சுபேதாருக்கு ‘நம்பர் ஒன்’, நம்பர் டூ வரவே வராது. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள வேறு செலவு வேண்டாம். செல்போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, கேட்டு, கோடு போடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

அதை நிறுத்துவதற்கு ஒரே வழிதான் எனக்குப் பலித்தது. ‘வந்து’ வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வது. நமக்கு அந்த மௌனம் அரை மணி நேரம் மாதிரி இருக்கும். கேட்கிறவர்களுக்கு இரண்டு விநாடி. யோசித்துப் பேசுகிற ஆள் போலிருக்கிறது என்று மரியாதைகூட வரும்!

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகு என்று பலர் சொல்லுவார்கள். எனக்கு அது உதவவில்லை, பேச்சைவிட்டு மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாக இருக்கும் இலைக் கொட்டகையில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது உதவியது. வீட்டில் முணுமுணுத்தால் வரும் நேரமும், சத்தமாகச் சொன்னால் வரும் நேரமும் வேறு வேறு. கண் பார்வைக்கு டீச்சரம்மா சொன்ன வழி: இடது, வலது, நடு என்று மூன்று முகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தை ஒரு முகத்திடம் சொல்லி முடித்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போவது. டேபிள் டாபிக்ஸுக்கு என் வழி, தலைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போகாமல், அது சம்பந்தமாக எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பிப்பது. கருத்து இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துவிடும். நடந்த கதை சிவப்பு அட்டை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

மன்றத்தில் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் எல்லாரும் கைதட்டிப் பழகிவிட்டால், கைதட்டலுக்கு மதிப்பு போய்விடும். சிலர் போட்டிக்குப் போய்விட்டு வந்தபின், வீட்டில் உப்பு கேட்பதற்கும் இரண்டு கையையும் விரிப்பார்கள். மைக்மேல் ஆசை வைத்து மட்டும் வருகிறவர்களும் உண்டு. தன் முறை முடிந்ததும் வர்க்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், சேருவதற்கு முன் இரண்டு கூட்டம் விருந்தாளியாகப் போய் மதிப்பீடுகளை மட்டும் கேளுங்கள். எல்லாம் அருமை, அற்புதம் என்றே போனால் அங்கே உங்கள் பேச்சு வளராது. உங்களைத் திருத்தவும் வேண்டும், அடுத்த தடவை வரவிடாமல் அடிக்கவும் கூடாது. அது தெரிந்த ஒரே ஒரு டீச்சரம்மா இருந்தால் போதும்.

மலைப்பகுதி என்பதால் எங்களுக்குத் தனியாகச் சில சங்கடங்கள். இருட்டிவிட்டால் கோத்தகிரிப் பஸ் கிடைப்பது கஷ்டம். கரடியும் காட்டுமாடும் ரோட்டுக்கு வரும். அதனால் கூட்டம் மத்தியானமே ஆரம்பித்துவிடும். அப்படியும் ஒரு நாள் கேட்டை ஒட்டி ஒரு காட்டுமாடு வந்து நின்றுகொண்டது. முக்கால் மணி நேரம் யாரும் வெளியே போக முடியவில்லை. சும்மா உட்காருவானேன் என்று டேபிள் டாபிக்ஸை மறுபடி ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த தலைப்பு, அந்த மாட்டை நகரச் சொல்லி இரண்டு நிமிடம் வேண்டிக்கொள்வது. முடித்தபோதும் அது அங்கேயே நின்றது.

தொழிற்சாலையில் அடுத்த விவசாயிகள் கூட்டம் ஒன்றரை வருடம் கழித்து வந்தது. மைக்கை நானே கேட்டு வாங்கினேன். பேச்சோடு ஒரு கூடை நனைந்த இலையும், ஒரு தராசும், ஒரு பழைய வேட்டியும் கொண்டுபோயிருந்தேன். எல்லோர் முன்னாலும் இலையை நிறுத்தேன். அந்தப் பழைய பெரியவரையே கூப்பிட்டு முள்ளைப் படிக்கச் சொன்னேன். வேட்டியில் இலையைக் கொட்டிப் புரட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்து மறுபடி நிறுத்தேன். “ஐயா, இப்ப எவ்வளவு?” அவர் படித்தார். ஈர வேட்டியைத் தூக்கிப் பிழிந்து காட்டினேன். மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் எப்படி அறிவிக்கிறது என்பதை அப்புறம் சொன்னேன். கையில் ஒரு பொருள் இருந்தால் பேச்சு அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும், கைக்கும் வேலை கிடைக்கும். எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று இல்லை. கழிவு விகிதம் அதிகம் என்று ஒருவர் கடைசிவரை சண்டை போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, குறித்துக்கொண்டேன். ஆனால் அன்று யாரும் என் வேர்வையைப் பார்க்கவில்லை. வேர்த்தது உண்மை.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன் சனிக்கிழமைகளில் எங்கே போகிறான் என்று பார்க்க வேண்டும் என்றார். விருந்தாளிகளையும் டேபிள் டாபிக்ஸுக்குக் கூப்பிடுவது வழக்கம், விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம். டீச்சரம்மா தலைப்பைக் கொடுத்தார்: “இந்த மலைக்கு நீங்க முதன்முதலா வந்த நாள்.”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். அட்டனில் கிளம்பும்போது பாட்டி இரண்டு றாத்தல் பாண் வாங்கித் தகரப் பெட்டியில் வைத்தாராம். வழியில் பிள்ளைகள் கேட்டும் கொடுக்கவில்லையாம், இந்தியாவில் என்ன கிடைக்குமோ என்று. மண்டபம் முகாமில் பெட்டியைத் திறந்தால் கல்லாகிக் கிடந்ததாம். தேத்தண்ணியில் தோய்த்து, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றார்களாம், முகாமில் மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று. எனக்கு இந்தக் கதை தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வீட்டில் சொன்னதில்லை. சுபேதார் இரண்டு நிமிடத்தில் சிவப்பைத் தூக்கினார். அம்மா அவரைப் பார்த்து, “இருங்க சார், இன்னும் மலைக்கே வந்து சேரலை” என்று சொல்லிவிட்டு மேலே பேசினார். சுபேதார் அட்டையை இறக்கிவிட்டார்.

அன்று ‘ஆ’ எண்ணியது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். கடைசியில் கணக்கைப் படித்தாள். அம்மா பெயருக்கு நேரே பூஜ்யம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வண்டிச்சோலை வரைக்கும் அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அந்தப் புள்ள கோடு போட்டுக்கிட்டே உக்காந்திருந்துச்சே, அதுக்கு எவ்வளவு குடுக்குறாங்க?”